ஒருதரம் ஸ்பேம்ல பாருங்க

(ஒரு நூலக வாசகர் வட்டத்தின் மாதக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



இந்தக் கூட்டத்துக்கு நான் வராமலே போயிருப்பேன். மூன்று வாரத்துக்கு முன் செயலாளர் தம்பி போன் செய்து, "சார், அழைப்பு மெயில் போட்டேனே, பதிலே காணோமே?" என்றார். "வரவே இல்லையே தம்பி" என்றேன். கொஞ்சமும் யோசிக்காமல், "அப்ப ஒருதரம் ஸ்பேம்ல பாருங்க சார்" என்றார். பார்த்தேன், இருந்தது. மேலே ஏதோ வங்கியின் பெயரில் கேஒய்சி காலாவதி ஆகிவிட்டதென்று ஒரு மிரட்டல், கீழே எடை குறைக்கும் மாத்திரை, இரண்டுக்கும் நடுவில் நம் வாசகர் வட்டம். ஸ்பேமை எப்படி வடிகட்டுகிறார்கள் என்று பேசக் கூப்பிட்ட கடிதத்தையே ஸ்பேம் என்று வடிகட்டி ஒதுக்கி வைத்திருக்கிறது! தமிழ் இணையக்காரர்கள் ஸ்பேமுக்கு 'எரிதம்' என்று அழகான சொல் ஒன்று வைத்திருக்கிறார்கள். ஆனால் போனில் யாரும் "எரிதத்துல பாருங்க" என்று சொல்லிக் கேட்டதில்லை. நானும் ஸ்பேம் என்றே சொல்லிக்கொண்டு போகிறேன். தம்பி கோபித்துக்கொள்ள மாட்டார் என்ற தைரியத்தில், அந்த அழைப்பையே இன்று மேசைமேல் போட்டு அறுத்துப் பார்க்கலாம்.

பள்ளிக்கூடத்தில் கடிதம் எழுதச் சொல்லிக்கொடுத்தது நினைவிருக்கும். முதலில் அனுப்புநர், அதற்குக் கீழே பெறுநர். தேர்வுத் தாளில் சொந்தப் பெயர் எழுதக் கூடாது என்பதால் அ.ஆ.இ. என்று ஓர் ஆள், க.ங.ச. தெருவில் குடியிருப்பார். அப்படி ஓர் ஆளே கிடையாது. ஆனாலும் கடிதம் கடிதம்தான், ஐந்து மதிப்பெண் விழும். மின்னஞ்சலின் அடிப்படைக் குறையை இதைவிட எளிதாக எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

ஒரு மெயில் சர்வர் இன்னொரு சர்வரின் கதவைத் தட்டிக் கடிதம் கொடுக்கும் முறைக்கு எஸ்எம்டிபி என்று பெயர். 1982இல் ஜான் போஸ்டல் எழுதிவைத்த ஆவணம் அதற்கு அடிப்படை. உரையாடல் ரொம்பச் சுருக்கம். வந்த சர்வர் "ஹெலோ" என்று சொல்லித் தன் பெயரைச் சொல்லும். "மெயில் ஃப்ரம்" என்று அனுப்புகிறவர் முகவரி, "ஆர்சிபிடி டூ" என்று பெறுகிறவர் முகவரி. "டேட்டா" என்றால் கடிதம் தொடங்குகிறது; ஒரு வரியில் தனியாக ஒரு புள்ளி வைத்தால் முடிந்தது. நீ சொல்கிற ஆள்தானா நீ என்று யாரும் கேட்பதில்லை. இதுபோக, கடிதத்துக்குள்ளேயும் ஒரு 'ஃப்ரம்' வரி உண்டு. நம் திரையில் தெரிவது அதுதான். உறைமேல் ஒரு பெயர், உள்ளே தாளில் வேறு பெயர் என்று இருந்தாலும் தடையில்லை. நம் ஊர் மொட்டைக் கடுதாசியில் பெயர் இருக்காது. இது அதற்கும் ஒரு படி மேலே, பக்கத்து வீட்டுக்காரர் கையெழுத்தோடு வரும் மொட்டைக் கடுதாசி.

எழுதிவைத்தவர்கள் விவரம் தெரியாதவர்கள் இல்லை. அன்றைக்கு இணையத்தின் முன்னோடியான ஆர்பாநெட் வலையில் இருந்தவர்கள் ஒருவரையொருவர் அறிந்த ஆராய்ச்சிக்காரர்கள். தெரு முழுக்கச் சொந்தக்காரர்கள் இருந்த காலத்தில் கட்டிய வீடு, தாழ்ப்பாள் தேவைப்படவில்லை. ஆனால் அந்தத் தெருவிலும் ஒருவர் 1978 மே மாதமே கைவரிசையைக் காட்டிவிட்டார். டிஜிட்டல் எக்விப்மென்ட் கார்ப்பரேஷனின் விற்பனைப் பிரிவில் இருந்த கேரி துர்க், ஆர்பாநெட் வலையில் ஏறக்குறைய 400 பேருக்குத் தங்கள் கணினிக்கான விளம்பரத்தை ஒரே வீச்சில் அனுப்பினார். முகவரிகள் அவற்றுக்கான இடத்தில் அடங்காமல் வழிந்து, கடிதத்தின் உடலுக்குள் இறங்கிவிட்டன. விளம்பரத்தைப் படிக்க ஒரு பெரிய பெயர்ப் பட்டியலைத் தாண்ட வேண்டியிருந்தது. ஸ்பேம் என்ற பெயர் அப்போது இதற்கு இல்லை. அது 1937இல் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்த டின் இறைச்சியின் பெயர். 1970இல் மான்டி பைத்தான் என்ற பிரிட்டிஷ் நகைச்சுவைக் குழு ஒரு காட்சி போட்டது. ஓட்டலில் ஏறக்குறைய எந்தப் பண்டத்தைக் கேட்டாலும் ஸ்பேம் கலந்தே வரும். வேண்டாத ஒன்று திரும்பத் திரும்ப வந்து மற்றதை மூழ்கடிப்பதற்கு அந்தப் பெயர் பின்னால் ஒட்டிக்கொண்டது.

வேண்டாத கடிதம் நமக்கும் புதிதில்லை. "இந்த நோட்டீஸைப் படித்தவர் 1000 பிரதி அச்சடித்து விநியோகித்தால் பத்து நாளில் லட்சாதிபதி, கிழித்துப் போட்டவர் ரத்தம் கக்கி..." என்று ஒரு தாள் எல்லோர் வீட்டுக்கும் வந்திருக்கும். ஆயிரம் பிரதிக்கு அச்சகத்தில் காசு கொடுக்க வேண்டும், அதனால் அந்தத் தொல்லைக்கு ஓர் அளவு இருந்தது. மெயிலில் அந்தச் செலவு ஏறக்குறைய கிடையாது. 2008இல் கலிபோர்னியப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஒரு வேலை செய்தார்கள். வைரஸ் புகுந்த பிறத்தியார் கணினிகளை ஊர் ஊராகப் பிணைத்து ஸ்பேம் அனுப்பும் 'ஸ்டார்ம்' என்ற பாட்நெட்டுக்குள் நுழைந்து, அது அனுப்பிய மருந்துக்கடை விளம்பரங்களைத் தாங்கள் நட்டுவைத்த போலிக் கடைக்குத் திருப்பிவிட்டு எண்ணினார்கள். 26 நாளில் சுமார் 35 கோடி கடிதம். பெறும் சர்வர்கள் வாங்கிக்கொண்டதே அதில் கால் பங்குக்குச் சற்றுக் குறைவு. சுட்டியைத் தட்டிக் கடைக்கு வந்தவர்கள் பத்தாயிரத்துச் சொச்சம். வாங்குகிறேன் என்று கடைசிவரை போனவர்கள் 28 பேர். கணக்குப் போட்டால் ஒன்றேகால் கோடிக் கடிதத்துக்கு ஓர் ஆள். அப்படியும் அந்தத் தொழில் நடந்துகொண்டுதான் இருந்தது.

இத்தனை கோடியையும் பிரித்துப் படித்துப் பார்த்துத்தான் தள்ள வேண்டும் என்றால் எந்த சர்வரும் மூச்சுத் திணறிவிடும். அதனால் வடிகட்டியின் முதல் வேலை கடிதத்தைப் படிப்பதே இல்லை. கொண்டுவந்த ஆள் யாரென்று பார்ப்பது. இணையத்தில் ஒவ்வொரு கணினிக்கும் ஓர் ஐபி எண் உண்டு. கெட்ட பேர் எடுத்த எண்களின் பட்டியலைச் சில அமைப்புகள் பராமரிக்கின்றன. 1998இல் ஸ்டீவ் லின்ஃபோர்ட் தொடங்கிய ஸ்பாம்ஹவுஸ் அவற்றில் பெரியது. விசாரிக்கும் விதம் வேடிக்கையாக இருக்கும். 192.0.2.25 என்ற எண் கதவைத் தட்டினால், நம் சர்வர் அதைத் திருப்பிப் போட்டு, 25.2.0.192 என்று எழுதி, பின்னால் பட்டியல்காரரின் பெயரை ஒட்டி, இப்படி ஒரு முகவரி உண்டா என்று இணையத்தின் முகவரிப் புத்தகமான டிஎன்எஸ்ஸில் கேட்கும். உண்டு என்று பதில் வந்தால் ஆள் பட்டியலில் இருக்கிறார், வாசலோடு அனுப்பிவிடலாம். இல்லை என்றால் உள்ளே விடலாம். கண்மூடித் திறப்பதற்குள் முடிந்துவிடும்.

இந்தப் பட்டியலில் மாட்டியவனின் கதையையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் மாட்டியவன் நான். ஓய்வுபெறும்வரை ஒரு கல்லூரியின் கணினி மையத்தில் இருந்தேன்; மெயில் சர்வர் என் பொறுப்பு. ஒரு திங்கட்கிழமை காலை, நாங்கள் அனுப்பிய கடிதம் எல்லாம் போன வேகத்தில் திரும்பி வருகின்றன. கட்டணப் பிரிவில் ஒரு கணினி, யாரோ கொண்டுவந்த பென்டிரைவில் வைரஸ் வாங்கிக்கொண்டு, சனி ஞாயிறு இரண்டு இரவும் உலகம் முழுக்க மாத்திரை விளம்பரம் அனுப்பியிருக்கிறது. கல்லூரி முழுமைக்கும் வெளியே தெரியும் ஐபி எண் ஒன்றுதான். ஒரு கணினி செய்த வினை, முதல்வர் அறை முதல் நூலகம் வரை எல்லோர் தலையிலும் விடிந்தது. அந்தக் கணினியைப் பிடுங்கிப் போட்டுவிட்டு, பட்டியலிலிருந்து பெயரை எடுங்கள் என்று மனுப் போட்டுக் காத்திருந்த இரண்டு நாளும் முதல்வர் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே! பட்டியல் முறை தவறு என்று நான் சொல்ல மாட்டேன். அன்றைக்கு அது செய்தது சரி. ஆனால் அது தெருவைப் பார்க்கிறது, வீட்டைப் பார்ப்பதில்லை.

தெருவையே மூடிய சம்பவமும் உண்டு. 2008 நவம்பரில் கலிபோர்னியாவின் சான் ஹோசேயில் மெக்கோலோ என்ற சர்வர் நிறுவனத்துக்கு இணைய இணைப்பு கொடுத்துவந்தவர்கள் அதைத் துண்டித்தார்கள். பல பாட்நெட்டுகளின் கட்டளை மையம் அங்கே இருந்தது. உலகத்தின் ஸ்பேம் ஒரே நாளில் பாதிக்கும் கீழே இறங்கியது. சில மாதத்தில் வேறு இடம் பிடித்துத் திரும்பி வந்துவிட்டார்கள் என்பது வேறு விஷயம்.

நம் அழைப்புக்கு வருவோம். ஜிமெயிலில் எந்தக் கடிதத்தைத் திறந்தாலும் மூன்று புள்ளி மெனுவில் 'ஷோ ஒரிஜினல்' என்று ஒன்று இருக்கும். கடிதத்தின் ஜாதகம் முழுக்க அதில் வரும். தம்பியின் கடிதத்தில் பார்த்தேன். எஸ்பிஎஃப்: சாஃப்ட்ஃபெயில். டிகிம்: ஒன்றுமில்லை. மாப்பிள்ளை நல்ல பையன்தான், ஜாதகம்தான் சரியில்லை.

க.ங.ச. தெரு ஆளை அடையாளம் காணப் பின்னாளில் போட்ட தாழ்ப்பாள்கள் இவை. எஸ்பிஎஃப் என்பது டொமைன் (மெயில் முகவரியில் @ குறிக்குப் பின்னால் வரும் பெயர்) வைத்திருப்பவர் ஊரறிய எழுதி ஒட்டும் அறிவிப்பு: "என் பெயரில் கடிதம் கொண்டுவர உரிமை இந்த ஐபி எண்களுக்கு மட்டும்." டிகிம் என்பது அரக்கு முத்திரை; அனுப்பும் சர்வர் தன்னிடம் உள்ள ரகசியச் சாவியால் கடிதத்தின்மேல் ஒரு கையொப்பம் வைக்கும், பெறுகிறவர் டிஎன்எஸ்ஸில் கிடைக்கும் பொதுச் சாவியால் அதைச் சரிபார்ப்பார். கையொப்பம் வைத்த பகுதியில் வழியில் ஓர் எழுத்தை மாற்றினாலும் முத்திரை உடைந்துவிடும். மூன்றாவது டிமார்க். உறைமேலோ முத்திரையிலோ இருக்கும் பெயரும் திரையில் தெரியும் பெயரும் ஒரே வீட்டைச் சேர்ந்தவையா என்று பார்த்து, இல்லையென்றால் என்ன செய்வது என்று டொமைன்காரர் சொல்லிவைக்கும் உத்தரவு அது. 2024 பிப்ரவரியிலிருந்து கூகுளும் யாஹூவும் மொத்தமாகக் கடிதம் அனுப்புகிறவர்களுக்கு இந்த மூன்றையும் கட்டாயமாக்கின. ஜிமெயில் கணக்குகளுக்கு ஒரு நாளில் 5,000 கடிதத்துக்கு மேல் அனுப்பினால் மொத்தம் என்பது கூகுளின் கணக்கு. நம் தம்பி அனுப்பியது 180 பேருக்குத்தான். ஆனால் வாசகர் வட்டத்துக்கென்று போன மாதம்தான் புதிதாக டொமைன் வாங்கியிருக்கிறார், முத்திரை செய்து வைக்கவில்லை, மலிவு விலை ஹோஸ்டிங். அங்கே ஒரே ஐபி எண்ணில் இன்னும் யார் யார் குடியிருக்கிறார்களோ!

ஓர் எச்சரிக்கையும் சேர்த்துக்கொள்கிறேன். இந்த மூன்றும் பாஸ் ஆனால் கடிதம் நல்லது என்று அர்த்தமாகாது. அனுப்பியவர் சொன்ன ஆள்தான் என்று மட்டும் அர்த்தம். திருடனும் சொந்தப் பெயரில் டொமைன் வாங்கி மூன்று முத்திரையும் குத்திக்கொள்ளலாம், குத்திக்கொள்ளவும் செய்கிறான்.

அதனால் கடைசியில் கடிதத்தைப் பிரித்துப் படித்துத்தான் ஆக வேண்டும். நான் கெட்டிக்காரத்தனம் செய்து குட்டுப்பட்ட இடமும் இதுதான். 2003 வாக்கில் கல்லூரி மெயிலில் ஸ்பேம் தாங்க முடியாமல், நானே ஒரு விதி எழுதினேன்: தலைப்பில் ஆங்கிலத்தில் 'ஃப்ரீ' என்ற சொல் இருந்தால் அழித்துவிடு. ஒதுக்கி வைக்கச் சொல்லவில்லை, அழிக்கச் சொன்னேன். ஒரு மாதம் எல்லோரும் என்னைப் பாராட்டினார்கள். அப்புறம் ஒரு மாணவி வந்து நின்றாள். வெளிநாட்டுப் பல்கலைக்கழகம் ஒன்று மேற்படிப்புக்கு இடம் கொடுத்து எழுதியிருக்கிறது. பதில் வராததால் நினைவூட்டலும் அனுப்பியிருக்கிறது. இரண்டும் அவளுக்குக் கிடைக்கவில்லை. தலைப்பில் 'டியூஷன் ஃப்ரீ' என்று இருந்திருக்கிறது. தேதி முடிந்து நான்கு நாள். "சார், உங்க சர்வர்ல எங்கயாவது இருக்குமா சார்?" என்று கேட்டாள். இல்லை என்று நான் சொல்ல வேண்டியிருந்தது.

அரிசியில் கல் பொறுக்குவது எல்லோருக்கும் தெரிந்த வேலை. அங்கே ஒரு கல் தப்பினால் பல் போய்விடும். கல்லோடு பத்து அரிசி போனால் யாரும் அழுவதில்லை. மெயிலில் இந்தக் கணக்கு தலைகீழ். பத்து கல் தப்பி வந்தால் எடுத்து எறிந்துவிடலாம், ஓர் அரிசி போனால் போனதுதான், போனதே கூடத் தெரியாது. நல்ல வடிகட்டி செய்தவர்கள் எல்லோரும் இந்தத் தலைகீழ்க் கணக்கைப் புரிந்துகொண்டவர்கள். நான் புரிந்துகொள்ள அந்தப் பெண் வர வேண்டியிருந்தது.

1998இலேயே மைக்ரோசாஃப்ட் ஆய்வாளர்களும் ஸ்டான்ஃபோர்டில் இருந்த மெஹ்ரான் சஹாமியும் ஒரு கட்டுரையில் இதற்கு வழி காட்டியிருந்தார்கள். 2002 ஆகஸ்டில் பால் கிரஹாம் என்ற நிரலாளர் எழுதிய ஒரு கட்டுரை அதைப் பரவலாக்கியது. கருவி பழையது: 18ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தில் பாதிரியாராக இருந்த தாமஸ் பேயஸ் கண்ட நிகழ்தகவு விதி, அவர் இறந்து இரண்டு ஆண்டு கழித்து 1763இல் அச்சேறியது. எந்தச் சொல் கெட்டது என்று மனிதன் முடிவு செய்ய வேண்டாம், கடிதங்களே சொல்லட்டும் என்பது யோசனை.

ஒரு சின்னக் கணக்கு போடுவோம்; எண்கள் என் கற்பனை. என்னிடம் ஆயிரம் ஸ்பேம், ஆயிரம் நல்ல கடிதம் இருக்கின்றன. 'பரிசு' என்ற சொல் ஸ்பேமில் 200 கடிதத்தில் வருகிறது, நல்லதில் 10இல். அப்படியானால் அந்தச் சொல் ஸ்பேம் பக்கம் 20க்கு 1 என்று சாய்கிறது. 'தாத்தா' என்ற சொல் ஸ்பேமில் ஒன்றில், நல்லதில் 40இல். அது இந்தப் பக்கம் 40க்கு 1 சாய்கிறது. இப்போது "தாத்தா, பேச்சுப் போட்டியில் எனக்குப் பரிசு" என்று பேத்தி எழுதுகிறாள். இரண்டையும் பெருக்கினால் 20க்கு 40, அதாவது 1க்கு 2. ஸ்பேமாக இருக்க மூன்றில் ஒரு வாய்ப்பு. உள்ளே விடு. நான் எழுதிய விதி 'பரிசு' என்ற சொல்லைப் பார்த்த மாத்திரத்தில் பேத்தியைக் கழுத்தைப் பிடித்துத் தள்ளியிருக்கும். இந்தக் கணக்கு முழு வாக்கியத்தையும் கேட்டுவிட்டு முடிவு சொல்கிறது. அதோடு, ஒவ்வொருவர் கடிதப் பெட்டிக்கும் கணக்கு வேறு. மருந்துக் கடைக்காரருக்கு மாத்திரையின் பெயர் நல்ல சொல்.

கிரஹாமின் வடிகட்டி ஒரு கடிதத்தில் மிகவும் சாய்ந்து நிற்கும் 15 சொற்களை மட்டும் எடுத்துக்கொண்டது. 'எஃப்எஃப்0000' என்பது ஸ்பேமுக்குப் பெரிய அடையாளம் என்று அதுவாகவே கண்டுபிடித்தது. இணையப் பக்கங்களில் பளீர் சிவப்பு நிறத்துக்கான குறியீடு அது. ஸ்பேம் அனுப்புகிறவனுக்குச் சிவப்பில் கத்தப் பிடிக்கும் என்று எந்த மனிதனும் விதி எழுதியிருக்க மாட்டான். எனக்கு அதில் மிகப் பிடித்த இடம் இன்னொன்று. நல்ல கடிதங்களில் ஒரு சொல் எத்தனை தடவை வந்ததோ, அதை வேண்டுமென்றே இரண்டால் பெருக்கிக்கொண்டார். தராசில் நல்லவன் பக்கம் ஒரு கல்லைக் கூடுதலாகப் போட்டு வைத்தார். ஆயிரத்துக்கு ஐந்துக்கும் குறைவான ஸ்பேம் தப்பியது, ஒரு நல்ல கடிதமும் சிக்கவில்லை என்று அவர் எழுதினார். அந்தக் கட்டுரையை ஒரு வருடம் முன்னால் நான் படித்திருக்கலாம்.

எதிர்த் தரப்பு சும்மா இருக்குமா? எழுத்துக்குப் பதில் படத்தில் விளம்பரத்தை வரைந்து அனுப்பினார்கள். நல்ல சொற்களைக் கதைப் புத்தகத்திலிருந்து அள்ளி, வெள்ளைப் பின்னணியில் வெள்ளை எழுத்தாகத் தூவினார்கள். 'ஐ' இருக்க வேண்டிய இடத்தில் 1 போட்டார்கள். தமிழில் இது இன்னும் சுலபம். க எழுத்தும் தமிழ் எண் ௧ம், எ எழுத்தும் ௭ம், அ எழுத்தும் ௮ம் கண்ணுக்கு ஒன்றுதான், கணினிக்கு வேறு வேறு. '௧டன்' என்று எழுதினால் நாம் கடன் என்று படித்துக்கொள்வோம். சொல்லை எண்ணும் இயந்திரம் இப்படி ஒரு சொல்லை இதற்கு முன் கண்டதே இல்லை என்று கைவிரிக்கும். நம் மொழிக்கு வேறொரு சங்கடமும் உண்டு. பரிசு, பரிசை, பரிசுக்கு, பரிசாக, பரிசுத்தொகையை என்று வேற்றுமை உருபு ஏற ஏற ஒவ்வொன்றும் தனிச் சொல்லாகிவிடும். ஒவ்வொன்றுக்கும் தனிக் கணக்கு சேர வருடக்கணக்கில் கடிதம் வேண்டும். அதனால் இப்போதைய வடிகட்டிகள் சொல்லை உடைத்து எழுத்துத் துண்டுகளாகப் பார்க்கின்றன. 2023இல் கூகுள் அறிவித்த ரெட்வெக் என்ற முறை இப்படி உருமாற்றிய எழுத்துகளைச் சமாளிக்கவென்றே வந்தது. ஜிமெயிலில் ஸ்பேமைப் பிடிப்பது 38 விழுக்காடு கூடியதாகச் சொன்னார்கள்.

இவ்வளவும் சொன்ன பிறகு, இந்தத் துறையின் ஆகச் சிறந்த கண்டுபிடிப்பு எதுவென்று கேட்டால் நான் பேயஸ் விதியைச் சொல்ல மாட்டேன். ஸ்பேம் ஃபோல்டரைத்தான் சொல்வேன். கடிதத்தை வாசலில் மறிக்காமல், நடுவீட்டிலும் விடாமல், திண்ணையில் உட்கார வைக்கும் ஏற்பாடு. ஜிமெயிலில் 30 நாள் திண்ணையில் இருக்கும், அதற்குள் நீங்கள் எட்டிப் பார்த்து, தெரிந்தவராக இருந்தால் உள்ளே கூப்பிடலாம். கூப்பிட்டால் அடுத்த தடவைக்கான பாடமும் ஆகிறது. 'நாட் ஸ்பேம்' பொத்தானை அழுத்துவது ஓட்டுப் போடுவது போல. அதே மாதிரி, நாமே விரும்பிச் சேர்ந்த ஒரு பத்திரிகையின் மெயில் அலுத்துப்போனதும் 'ஸ்பேம்' என்று அழுத்துகிறோமே, அதுவும் ஓட்டுதான். கள்ள ஓட்டு. தயவுசெய்து அதற்கு அன்சப்ஸ்கிரைப் செய்யுங்கள்.

வடிகட்டுவது நாம் மட்டுமில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். கோடிக்கணக்கான டாலர் மாட்டிக்கொண்டிருக்கிறது, எடுக்க உதவினால் பங்கு என்று நைஜீரியாவிலிருந்து எழுதுகிறவர்கள், அது ஊரறிந்த மோசடி ஆன பிறகும் ஏன் நைஜீரியா என்றே சொல்லிக்கொள்கிறார்கள்? மைக்ரோசாஃப்ட் ஆய்வாளர் கோர்மக் ஹெர்லி 2012இல் இதற்கு ஒரு விடை சொன்னார். கடிதம் அனுப்பச் செலவில்லை. பதில் போட்டவரோடு வாரக்கணக்கில் பேசிப் பணம் கறக்கத்தான் உழைப்பு. பாதி வழியில் உஷாராகிவிடும் ஆள் அவர்களுக்கு நஷ்டம். அதனால், விவரம் தெரிந்தவர் முதல் வரியிலேயே சிரித்துவிட்டுப் போகும்படி எழுதுகிறார்கள். சிரிக்காமல் மிச்சம் நிற்பவர்தான் அவர்கள் தேடிய ஆள். நாம் ஸ்பேமை வடிகட்டுகிறோம், அவர்கள் நம்மை வடிகட்டுகிறார்கள்.

சரி, தம்பியின் கடிதத்தை முடித்துவிடுவோம். தலைப்பு: "அவசரம்!! தவறாமல் வரவும்!!!" உடலில் ஓர் எழுத்து கிடையாது, ஒரே ஒரு போஸ்டர் படம், அதில் என் பெயர் பளீர் சிவப்பில். பிசிசி என்ற மறைமுகப் பிரதியில் 180 பேர். புது டொமைன், முத்திரை இல்லை. அந்த வடிகட்டியாக நான் இருந்திருந்தாலும் திண்ணையில்தான் உட்கார வைத்திருப்பேன். 'நாட் ஸ்பேம்' அழுத்திவிட்டேன். எஸ்பிஎஃப்பும் டிகிமும் போட்டுத்தர நாளை காலை அவர் கடைக்கு வருவதாகவும் சொல்லியிருக்கிறேன். நேற்று ராத்திரி இன்னொரு மெயில் போட்டாராம், இன்றைய நிகழ்ச்சி நிரலோடு. எனக்கு வரவில்லை. மேடை ஏறும்போது கேட்டேன். "போஸ்டரை இன்னும் கொஞ்சம் பெரிசா போட்டிருக்கேன் சார்" என்றார்.